சிக்னல் எண்ணைத் திருத்துவது வெட்டி வேலையா?

"நெட் வருதுல்ல? அப்புறம் நம்பர் எப்படி இருந்தா என்ன?" வைஃபை டிரைவர் காட்டும் சிக்னல் அளவு தவறாக இருக்கிறது என்று யார் முறையிட்டாலும் முதலில் கிடைக்கிற பதில் இதுதான். மடிக்கணினியைப் பழுதுபார்ப்பவர் இதைச் சொல்கிறார். அலுவலகத்தில் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவர் சொல்கிறார். டிரைவர் நிரலை எழுதிப் பராமரிக்கிற பொறியாளர்களில் பலரும் கொஞ்சம் நாகரிகமான சொற்களில் இதையேதான் சொல்கிறார்கள்: அது வெறும் ஒப்பீட்டு எண், பயனர் பார்த்துத் திருப்திப்பட ஒரு படம், பாக்கெட்டுகள் போய்வந்தால் போதும், கணினியையே முடக்குகிற பிழைகள் வரிசையில் நிற்கும்போது இதற்கு நேரம் செலவிடுவது வெட்டி வேலை.

இந்தப் பதிலை மறுக்கவே எழுதுகிறேன். சிக்னல் எண் மனிதக் கண்ணுக்கான அலங்காரம் என்ற நினைப்பில்தான் கோளாறு தொடங்குகிறது. அந்த எண்ணை மனிதர்கள் எப்போதாவது பார்க்கிறார்கள். மென்பொருளோ அதை ஓயாமல் பார்க்கிறது. பார்த்து முடிவும் எடுக்கிறது.

லினக்ஸ் கணினிகளில் வைஃபை இணைப்பை நடத்திவைக்கும் நிரல்களில் பரவலானது டபிள்யூபிஏ சப்ளிகன்ட். ஒரே பெயரில் நாலைந்து ஆக்சஸ் பாயின்ட் வைத்திருக்கும் ஒரு கல்லூரியையோ மருத்துவமனையையோ எடுத்துக்கொள்வோம். எதனோடு சேர்வது என்று அந்த நிரல் எப்படி முடிவுசெய்கிறது? சிக்னல் அளவிலிருந்து இரைச்சல் அளவைக் கழித்துப் பார்க்கிறது. பல டிரைவர்கள் இரைச்சலைச் சொல்வதே இல்லை. அப்போது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு −89, 5 கிகாஹெர்ட்ஸுக்கு −92 என்று தானே ஒரு மதிப்பை வைத்துக்கொள்கிறது. அதாவது கழிக்கப்படும் எண் நிலையானது. மிச்சமிருப்பது டிரைவர் தரும் சிக்னல் எண் ஒன்றுதான். அது பொய்யானால் தேர்வும் பொய்.

சேர்ந்த பிறகும் கதை முடிவதில்லை. இன்னும் நல்ல ஆக்சஸ் பாயின்ட் கிடைக்குமா என்று பின்னணியில் ஸ்கேன் செய்யும் வசதி அதில் உண்டு. அதன் மாதிரி அமைப்புக் கோப்பிலேயே ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது: சிக்னல் −45க்குக் கீழே போனால் 30 விநாடிக்கு ஒருமுறை தேடு, மேலே இருந்தால் 300 விநாடிக்கு ஒருமுறை தேடினால் போதும். இந்த அமைப்பில், எங்கே போனாலும் −40 என்றே சொல்லும் டிரைவர் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனாலும் கணினி பழைய ஆக்சஸ் பாயின்டையே பிடித்துத் தொங்கும். தலைக்கு மேலேயே வேறொன்று இருந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. மாறாக, எப்போதும் −85 என்று சொல்லும் டிரைவர் தேவையில்லாமல் அடிக்கடி தன் சேனலை விட்டுவிட்டு மற்றச் சேனல்களைத் துழாவப் போகும். அந்த நேரத்தில் அழைப்பில் இருப்பவரின் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும், பேட்டரியும் வீணாகும்.

இரண்டு பயனர்களும் "சிக்னல் எண் தவறு" என்று புகார் தர மாட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் "மாடிக்குப் போனா நெட் ஸ்லோ" என்பார். இன்னொருவர் "மீட்டிங்ல வாய்ஸ் கட் ஆகுது" என்பார். இந்தப் பிழை தன் சொந்தப் பெயரில் வருவதே அபூர்வம். ஆகவே "யாரும் புகார் சொல்லவில்லையே" என்ற வாதத்துக்கு நான் மதிப்புத் தருவதில்லை. புகார் வந்துகொண்டுதான் இருக்கிறது. வேறு கோப்பில் போய்ச் சேர்கிறது.

மறுமுனையிலும் இதே நிலைதான். ஆக்சஸ் பாயின்டை நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி நிரலில், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சிக்னல் உள்ள கருவிகளைச் சேர்க்காதே என்று ஒரு விதி எழுதலாம். தொலைவில் இருந்துகொண்டு மெதுவாகப் பேசி எல்லோருடைய நேரத்தையும் தின்னும் கருவிகளை ஒதுக்குவதற்கு நல்ல விதி அது. அங்கே இருக்கும் டிரைவர் 20 டெசிபல் குறைத்துச் சொன்னால், பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் கதவு சாத்தப்படும்.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை. எந்த வேகத்தில் பாக்கெட் அனுப்புவது என்று தீர்மானிக்கும் மின்ஸ்ட்ரல் என்ற நிரற்பகுதி லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது. அது சிக்னல் எண்ணைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அனுப்பிய பாக்கெட்டுகளில் எத்தனை போய்ச் சேர்ந்தன என்ற கணக்கை வைத்தே வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அருமையான வடிவமைப்பு. "பார்த்தீர்களா, சிக்னல் எண் இல்லாமலேயே எல்லாம் நடக்கிறது" என்று இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் மின்ஸ்ட்ரல் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: இப்போது பிடித்திருக்கும் ஆக்சஸ் பாயின்டோடு எவ்வளவு வேகமாகப் பேசலாம்? பிடித்திருக்க வேண்டியது இதுதானா என்ற கேள்வி அதன் வேலை எல்லைக்குள் வருவதில்லை. அந்தக் கேள்விக்கு, போய்ச் சேர்ந்த பாக்கெட்டுகளின் கணக்கு உதவாது. இன்னும் ஒரு பாக்கெட்கூட அனுப்பிப் பார்க்காத ஆக்சஸ் பாயின்டைப் பற்றி நம்மிடம் இருப்பது அதன் பீக்கனிலிருந்து, அதாவது தன் இருப்பை அறிவிக்க அது அனுப்பும் பாக்கெட்டிலிருந்து, அளந்த சிக்னல் ஒன்றுதான்.

அடுத்து, "அது வெறும் ஒப்பீட்டு எண்தானே" என்ற வாதம். இதற்கு ஒரு வரலாறு உண்டு, அது பாதி உண்மையும்கூட. 802.11 தரநிலை தொடக்கத்தில் ஆர்எஸ்எஸ்ஐ என்ற அளவை வரையறுத்தபோது, 0 முதல் ஏதோ ஒரு உச்ச எண் வரை போகலாம் என்றது. உச்சம் எது என்பதைத் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது. சிஸ்கோ 100 என்று வைத்துக்கொண்டது, மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியதை வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு துல்லியம் வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆகவே இரண்டு நிறுவனங்களின் ஆர்எஸ்எஸ்ஐ எண்களை ஒப்பிட முடியாது என்பது அன்றைக்கு நியாயமான பேச்சு.

அந்தப் பேச்சை இன்றைக்கும் அப்படியே திருப்பிச் சொல்வதுதான் தவறு. 2008இல் வந்த 802.11கே திருத்தம் ஆர்சிபிஐ என்ற அளவைக் கொண்டுவந்தது: −110 முதல் 0 டிபிஎம் வரை, அரை டெசிபல் படிகளில், 5 டெசிபல் கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற துல்லிய நிபந்தனையோடு. டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டைச் சுழியமாக வைத்து எண்ணும் மடக்கை அளவு. 3 கூடினால் திறன் சுமார் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு, 30 கூடினால் ஆயிரம் மடங்கு. −60 டிபிஎம் என்பது ஒரு நானோவாட், −90 என்பது ஒரு பிகோவாட். விலை குறைந்த ரேடியோவால் 5 டெசிபல் பிசகாமல் அளக்க முடியாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதைச் சாக்காக வைத்து 30 டெசிபல் பிசகையும் அதே கூடையில் போடுவதை ஒப்புக்கொள்ள முடியாது. ஆயிரம் மடங்கு தவறை அளவீட்டுப் பிழை என்று சொல்லக் கூடாது. அது நிரலில் உள்ள பிழை.

நிரலைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். ஏத்தெரோஸ் சிப்புகளுக்கான டிரைவர்களில் சிப் தரும் எண் இரைச்சல் தளத்துக்கு மேல் எத்தனை டெசிபல் என்பதைக் குறிக்கிறது. டிரைவர் அதோடு இரைச்சல் தளத்தைக் கூட்டி டிபிஎம் ஆக்குகிறது. பழைய மேட்வைஃபை டிரைவர் அந்தத் தளத்தை −95 என்றே நிலையாக வைத்திருந்தது. இன்டெல் சிப்புகளின் ஒரு தலைமுறைக்கான டிரைவரில் கணக்கு வேறு: ஆண்டெனாக்களில் கிடைத்த மிகப் பெரிய எண்ணிலிருந்து தானியங்கி ஆதாய அளவைக் கழி, பிறகு 44ஐக் கழி. பிராட்காம் சிப்புகளுக்கான பி43 டிரைவரில், ஒருவகை ரேடியோவுக்கு, வரும் எண் 127ஐத் தாண்டினால் 256ஐக் கழித்து, 73ஆல் பெருக்கி, 64ஆல் வகுத்து, பிறகு சூழ்நிலையைப் பொறுத்து 25ஐக் கூட்டுவதோ 3ஐக் கழிப்பதோ நடக்கும். நிறுவனம் கையேடு தராததால் சிப்பின் நடத்தையைத் துருவித் துருவிக் கண்டுபிடித்துத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் அது. 73, 64 என்ற எண்கள் யாரோ சும்மா எழுதிவைத்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ரேடியோவின் இயற்பியலைப் பிடித்துவைக்கச் செய்த உழைப்பு அதில் தெரிகிறது. இத்தனை பேர் இவ்வளவு சிரமப்பட்டுப் பெற்ற சூத்திரத்தைப் பார்த்து "வெறும் ஒப்பீட்டு எண்" என்பது அந்த உழைப்பையும் அவமதிக்கிற பேச்சு.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் சதவீதம். திரையில் தெரியும் கோடுகளும் சதவீதமும் டிரைவர் தருபவை அல்ல, மேலே உள்ள மென்பொருள் கணக்கிடுபவை. விண்டோஸ் −100ஐ 0 என்றும் −50ஐ 100 என்றும் வைத்து நடுவில் நேர்கோடு போடுகிறது. லினக்ஸின் பழைய முறை −110 முதல் −40 வரை எடுத்துக்கொண்டு 70க்கு மதிப்பெண் போடுகிறது. ஆண்ட்ராய்டு நெடுங்காலம் −100க்கும் −55க்கும் இடையே பங்கிட்டது. ஒரே −60 டிபிஎம் விண்டோஸில் 80 சதவீதம், லினக்ஸில் 70க்கு 50, ஆண்ட்ராய்டில் நான்கு கோட்டுக்கு மூன்று. மூன்றும் சரியே. பக்கத்துக் கணினியில் சதவீதம் அதிகமாகத் தெரிகிறது என்று டிரைவரைக் குறைசொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. பழுது பார்க்க உட்காருபவர் முதலில் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு டிபிஎம் எண்ணைத் தேட வேண்டும்.

ஆனாலும் அந்தக் கோடுகள்கூட எவ்வளவு குழப்பம் செய்யும் என்பதற்கு 2010ஆம் ஆண்டின் ஐபோன் 4 விவகாரம் சாட்சி. வைஃபை அல்ல, செல்பேசிச் சிக்னல். ஆனால் பாடம் ஒன்றே. ஜூன் 24 அன்று போன் விற்பனைக்கு வந்தது. இடது கையில் இறுக்கிப் பிடித்தால் டவர் போய்விடுகிறது என்று புகார்கள் குவிந்தன. ஆனந்த்டெக் இதழ் அளந்து பார்த்தபோது, இறுக்கிப் பிடிக்கையில் சுமார் 24 டெசிபல் இழப்பு தெரிந்தது. கூடவே, −51இலிருந்து −91 வரை எல்லாவற்றுக்கும் அந்தப் போன் ஐந்து கோடு காட்டியதும் வெளிப்பட்டது. டவருக்கு அருகே −55இல் இருந்தவர் 24 டெசிபல் இழந்தும் ஐந்து கோட்டையே பார்த்தார். −90இல் இருந்தவர் அதே 24 டெசிபலை இழந்ததும் எல்லாக் கோடுகளும் சரிந்து விழுவதைப் பார்த்தார். இருவர் கையிலும் ஒரே போன், ஒரே குறை. ஒருவர் "என் போன் நல்லாத்தான் இருக்கு" என்கிறார், மற்றவர் "என் போன் கெட்டுப்போச்சு" என்கிறார். ஜூலை 2 அன்று ஆப்பிளே கோடு காட்டும் சூத்திரம் தவறு, அது முதல் ஐபோனிலிருந்தே இருக்கிறது என்று அறிவித்தது. ஜூலை 15இல் மென்பொருளைத் திருத்தியது. மறுநாள் இலவச உறை தருவதாகச் சொன்னது. ஆண்டெனாவில் இருந்த உண்மையான குறையைப் பற்றிய வாக்குவாதம் அந்தச் சில வாரங்கள் முழுதும் தெளிவில்லாமல் போனதில், மூன்று ஆண்டுகளாக யாரும் கவலைப்படாமல் விட்டிருந்த "அலங்கார" எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

டிரைவருக்குத் திரும்புவோம். "எங்கே பிழை என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த ஆய்வுக்கூடக் கருவி வேண்டும், நம்மால் ஆகாது" என்றும் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. இது முழுக்கத் தவறு. தேவைப்படுவது ஒரு ரவுட்டர், ஒரு திறந்த வெளி, ஒரு அளவு நாடா. தடையில்லாத வெளியில் தூரம் இருமடங்கானால் சிக்னல் 6 டெசிபல் குறைய வேண்டும். இது எந்த நிறுவனத்தின் சிப்புக்கும் பொருந்தும் இயற்பியல். 2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் ஒரு மீட்டரிலேயே சுமார் 40 டெசிபல் போய்விடும். 20 டிபிஎம் திறனில் அனுப்பும் ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி −20ஐ ஒட்டிய எண் வரவேண்டும், ஆண்டெனாவும் உறையும் ஐந்து பத்து டெசிபலை இப்படியோ அப்படியோ தள்ளும். ஒரு மீட்டர், இரண்டு, நான்கு, எட்டு என்று நகர்ந்து குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கணினியை அங்குலக் கணக்கில் நகர்த்திப் பல அளவுகள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், ஏனென்றால் அலைநீளமே 12 சென்டிமீட்டர்தான். பிரதிபலிப்பால் வரும் ஏற்ற இறக்கங்கள் அந்த அளவிலேயே வரும்.

இப்படிக் கிடைக்கிற எண்களில் மதிப்பைவிடச் சரிவுதான் அதிகம் பேசும். சரிவு 6ஆக இருந்து, எல்லா எண்களும் ஒரே அளவு விலகியிருந்தால், சூத்திரத்தில் கழிக்கும் மாறிலியோ அட்டையில் பதிந்திருக்கும் அளவுத் திருத்தமோ பிசகியிருக்கிறது. சரிவு 12ஆக வந்தால், சிப் அரை டெசிபல் படிகளில் தரும் எண்ணை இரண்டால் வகுக்க மறந்திருக்கிறார்கள். தூரம் கூடக் கூட எண்ணும் கூடினால் மைனஸ் குறி எங்கோ தொலைந்திருக்கிறது. தூரத்துக்கு எண் அசையவே இல்லை, ஆனால் கொஞ்சம் நடுங்குகிறது என்றால் என் சந்தேகம் முதலில் தானியங்கி ஆதாயத்தின்மேல் போகும். ரேடியோ, பலவீனமான சிக்னலை அதிகமாகப் பெருக்கியும் பலமானதைக் குறைவாகப் பெருக்கியும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் உள்ளே அனுப்புகிறது. எவ்வளவு பெருக்கியது என்பதைக் கழிக்காமல் விட்டால், எங்கிருந்து அளந்தாலும் ஒரே எண்தான் கிடைக்கும். சற்றும் நடுங்காமல் அசையாத எண் என்றால் விஷயம் வேறு: சிப் தரும் தகவல் தொகுப்பில் தவறான இடத்திலிருந்து டிரைவர் படித்துக்கொண்டிருக்கலாம், அல்லது எப்போதோ வாங்கிய மதிப்பைப் புதுப்பிக்காமல் வைத்திருக்கலாம்.

எண்ணின் வடிவமே காட்டிக்கொடுக்கிற பிழைகளும் உண்டு. லினக்ஸின் பழைய வயர்லெஸ் இடைமுகத்தில் சிக்னலுக்கு ஒதுக்கப்பட்டது குறியில்லாத எட்டு பிட். −66 என்பது அதில் 256இலிருந்து 66ஐக் கழித்து 190 ஆகப் பதிவாகும். இது டிபிஎம் என்று சொல்லும் கொடியை டிரைவர் ஏற்ற மறந்தால், படிக்கிற நிரல் 190 என்றே காட்டும். புதிய இடைமுகத்தில் ஸ்கேன் முடிவுகளை டிபிஎம்மின் நூறில் ஒரு பங்கு அலகில் தரவேண்டும். நூறால் பெருக்க மறந்த டிரைவரில் −66 என்பது −0.66 என்று பட்டியலில் வரும். இரண்டும் ஒற்றை வரித் திருத்தங்கள். 190ஐயோ −0.66ஐயோ பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லிவிடலாம். இதை "நெட் வருதுல்ல" என்று திருப்பி அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை.

எல்லாவற்றிலும் வஞ்சகமானது இரட்டைச் சூத்திரப் பிழை. வைஃபையில் பழைய பண்பேற்றமும் புதியதும் கலந்தே ஓடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் பீக்கன்கள் பெரும்பாலும் 1 மெகாபிட் வேகத்தில் பழைய டிஎஸ்எஸ்எஸ் முறையில் (டிரைவர் நிரல்களில் இதையும் சேர்த்துச் சிசிகே என்பார்கள்) வருகின்றன, தரவுப் பாக்கெட்டுகள் ஓஎஃப்டிஎம் முறையில் வருகின்றன. இரண்டுக்கும் சிக்னல் கணக்கு வேறு வேறு. ரியல்டெக் சிப்புகளுக்கான ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ டிரைவரின் முதல் தலைமுறைக் கணக்கைப் பாருங்கள்: ஓஎஃப்டிஎம் பாக்கெட்டுக்கு, வரும் எண்ணைப் பாதியாக்கி 110ஐக் கழித்தால் முடிந்தது. சிசிகே பாக்கெட்டுக்கு முன்பெருக்கியின் நிலையைப் பார்த்து −46, −26, −12, 16 என்ற நான்கு தொடக்க எண்களில் ஒன்றைத் தேர்ந்து அதிலிருந்து கழிக்க வேண்டும். புதிய சிப் ஒன்றுக்கு இந்த நான்கும் மாறியிருந்து, டிரைவரில் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? ஸ்கேன் பட்டியலில், அதாவது பீக்கன் வழியே, ஒரு எண். இணைந்த பின் தரவுப் பாக்கெட் வழியே வேறொரு எண். இருக்கும் இடத்தில் −50, தேடிப்போகும் இடமெல்லாம் −75 என்று தெரிகிற கணினி இடம் மாறவே மாறாது. சராசரி எடுப்பதால் இது மேலும் மறைந்துவிடும். கெர்னலின் மேக்80211 அடுக்கு புதிய மதிப்புக்கு எட்டில் ஒரு பங்கு எடை கொடுத்து நகரும் சராசரி போடுகிறது. எனவே சராசரியை நம்பாமல், மானிட்டர் நிலையில் பாக்கெட் பாக்கெட்டாகப் பிடித்து, பீக்கன்களின் சிக்னலையும் தரவுகளின் சிக்னலையும் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் மேசையில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கிடையே இந்த இரு குவியல்களும் 20 டெசிபல் விலகி நின்றால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

எண்ணை அலட்சியம் செய்வோருக்கு நான் சொல்ல விரும்பும் கதை ஆர்டிஎல்8723பிஇ அட்டையுடையது. அந்த அட்டை பொருத்திய சில மடிக்கணினிகளில் ரவுட்டர் இருக்கும் அறையில் நெட் ஓடும், அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடும். சிக்னல் எண்ணும் மிகக் குறைவாகத் தெரிந்தது. "நம்பர் தப்பாகக் காட்டுகிறது" என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. உண்மையில் எண் சரியாகத்தான் இருந்தது. செலவைக் குறைக்க ஒரே ஒரு ஆண்டெனாவை மட்டும் இணைத்திருந்தார்கள். எந்த முனையில் இணைத்திருக்கிறோம் என்று அட்டையின் நினைவகத்தில் பதிந்திருந்த தகவல் தவறு. டிரைவர் அதை நம்பி, ஆண்டெனாவே இல்லாத முனையில் கேட்டுக்கொண்டிருந்தது. ரியல்டெக் டிரைவர்களைப் பல ஆண்டுகள் பராமரித்து 2024இல் மறைந்த லாரி ஃபிங்கர் போன்றவர்களின் உழைப்பில், ஆண்டெனாவைக் கையால் தேர்ந்தெடுக்கும் ஆன்ட்_செல் என்ற விருப்பம் அந்த டிரைவரில் வந்தது. அதில் 1 அல்லது 2 என்று எழுதினால் ஆண்டெனா மாறும். எண்ணைப் படித்தவர்களுக்குத்தான் அந்த வழி திறந்தது.

இதையே மேல் அடுக்கில் சரிக்கட்டிவிடலாம் என்று சொல்பவர்களை நினைத்துப் பாருங்கள். "டிரைவரைத் தொட வேண்டாம், திரையில் காட்டும் நிரலில் 20ஐக் கூட்டிவிடுவோம்." படிக்கல் தேய்ந்துபோன தராசை வைத்துக்கொண்டு பில்லில் விலையை ஏற்றி இறக்கி ஈடுகட்டுவதற்கு ஒப்பானது இது. இந்த ஆண்டெனா விஷயத்தில் அப்படிச் செய்திருந்தால் கோடுகள் நிறைந்திருக்கும், அடுத்த அறையில் நெட் இருந்திருக்காது. பிழை டிரைவரில் இருக்கும் இடங்களிலும் இந்த வழி உதவாது. சப்ளிகன்டுக்கும் ஹோஸ்ட்ஏபிடிக்கும் கெர்னலிலிருந்து நேரடியாகப் போகும் எண் பழைய பொய்யாகவே இருக்கும். திரை ஒன்று சொல்ல, முடிவெடுக்கும் நிரல் வேறொன்றைப் பார்க்கும். அடுத்து பழுது பார்க்க வருபவர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்.

நேரமில்லை என்ற வாதத்தை மட்டும் நான் மரியாதையோடு எதிர்கொள்கிறேன். டிரைவர் பராமரிப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். கெர்னலையே கவிழ்க்கும் பிழை முதலில், சிக்னல் எண் பிறகு என்று வரிசைப்படுத்தினால் அதில் தவறில்லை. பிறகு என்பது ஒன்று. பிழையே இல்லை என்று கோப்பை மூடுவது வேறொன்று. மூடிவிட்டால், ஆறு மாதம் கழித்து நேரம் கிடைக்கும் இன்னொரு இளைஞருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனியும் கிடைக்காது.

நேரத்தைவிடப் பெரிய தடை பயம் என்றே நினைக்கிறேன். மிகைப்படுத்திக் காட்டிய டிரைவரைத் திருத்தினால் மறுநாள் எல்லோருடைய திரையிலும் கோடுகள் குறையும். "அப்டேட் போட்ட பிறகு வைஃபை கெட்டுப்போச்சு" என்று முறையீடுகள் வரும். திருத்தியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார், பொய் சொன்ன பழைய டிரைவர் நல்ல பெயரோடு போய்விடும். இந்தப் பயம் வணிக நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை: ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலில், செல்பேசி நிறுவனம் விரும்பினால் சிக்னலை ஒரு கோடு கூட்டிக் காட்டும் அமைப்பே இருக்கிறது. கோட்டில் விளையாடுவதே எனக்குப் பிடிக்கவில்லை; ஆனால் அங்கே கீழே உள்ள டிபிஎம் எண்ணாவது தொடப்படாமல் இருக்கிறது. டிரைவரே மிகைப்படுத்தினால் சரிபார்க்க அடியில் ஒன்றுமே மிஞ்சாது. கோடு குறைந்ததற்கான வசவை ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பதிப்பில், எந்தச் சூத்திரம், ஏன் மாறியது, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று திருத்தத்தின் குறிப்பிலேயே எழுதிவிட்டால், வசவும் சீக்கிரம் அடங்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது: "சிப்பின் கையேடே கிடைக்காதபோது சரியான எண்ணுக்கு எங்கே போவது? ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?" கொடுத்தே ஆகவேண்டியதில்லை. மேக்80211இல் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். என் எண் டிபிஎம் என்று அறிவிக்க ஒரு கொடி. அலகு தெரியாது, இந்த உச்சத்துக்குள் ஒரு ஒப்பீட்டு எண் மட்டும் தருகிறேன் என்று அறிவிக்க இன்னொரு கொடி. இந்தப் பாக்கெட்டுக்குச் சிக்னல் மதிப்பே இல்லை என்று சொல்ல மூன்றாவது. ரேடியோவே இல்லாத ஒத்திகை டிரைவரான மேக்80211_எச்டபிள்யூசிம்மில் சிக்னல் −50 என்று நெடுங்காலம் நிலையாக எழுதியிருந்தது. உண்மையான சிக்னலைப் பாவனை செய்ய வேண்டிய வேலை பாக்கி என்ற குறிப்பும் அதன் பக்கத்திலேயே இருந்தது. அங்கே அளக்க எதுவும் இல்லை, அதனால் யாரும் ஏமாறவில்லை. நிஜ ஆண்டெனாவோடு விற்பனைக்கு வரும் அட்டையின் டிரைவரில் அப்படி ஒரு வரி இருந்தால், கணக்குத் தெரியும் வரை அந்த வரியை நீக்கிவிட்டு மூன்றாவது கொடியை ஏற்ற வேண்டும்.